உறைப்புச் சொண்டுக்காரி

பாரிசின் லா சப்பல் ஆட்கள் பொன்னம்பலத்தின் கண்ணைப் பற்றிச் சொல்லும் கதைகளில் பாதியாவது உண்மையாக இருக்க வேண்டும். ஒருமுறை அவர் ஒரு வெள்ளி டொலரில் இருந்த கழுகை லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மூன்று மணி நேரம் விடாமல் பார்த்ததில், கழுகு கூச்சப்பட்டுத் தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டதாம். ஐங்கரனின் தேத்தண்ணிக் கடையில் இதைக் கண்ணால் கண்டவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். அந்தக் காசு இன்னும் அவரிடம் உண்டு. கழுகு மற்றப் பக்கம்தான் பார்க்கிறது.

முப்பத்தொரு வருடம் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவிய மனிதர் அவர். மற்றவர்கள் சீட்டுக் கட்டினார்கள், காணி வாங்கினார்கள், பென்சனுக்கு விண்ணப்பம் போட்டார்கள். பொன்னம்பலம் அமெரிக்க வெள்ளி டொலர் பார்த்தார். அதுவும் பெட்டியில் புதிதாக மினுங்குகிற காசு அவருக்கு வேண்டாம். கை மாறிக் கை மாறித் தேய்ந்தது, சட்டைப் பையில் கிடந்து கறுத்தது, குடிகாரன் மேசையில் அடித்து வைத்தது, அப்படிப்பட்டதுதான் வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. காசு அடிக்கிற உருக்கு அச்சைச் செய்யும்போது, தாய் அச்சை அதன்மேல் ஒரு தடவை அல்ல, சில தடவை அழுத்துவார்கள். இரண்டாம் தடவை ஒரு மயிரிழை விலகினால் போதும். அந்த அச்சில் பிறக்கிற அத்தனை காசிலும் ஒரு எழுத்தோ இலக்கமோ மூக்கோ இரட்டித்து நிற்கும். பிழை விட்டவன் செத்து நூறு வருடம் கழிந்த பிறகு அந்தப் பிழைக்குத்தான் விலை.

அவர் தேடியது ஒருத்தியை. 1888ஆம் ஆண்டு, நியூ ஓர்லியன்ஸ் நகரில் அடித்தது. கழுகின் வாலுக்குக் கீழே 'ஓ' என்ற எழுத்து. மறுபக்கம் இருக்கிற பெண்ணின் முகத்தில் சொண்டு என்கிற உதடும் மூக்கும் நாடியும் இரட்டித்திருக்கும். அந்த அச்சில் வந்த காசை அந்தக் காலத்தில் யாரும் எடுத்து வைக்கவில்லை. எல்லாம் கடைகளிலும் சூதாட்ட மேசைகளிலும் புழங்கித் தேய்ந்துவிட்டன. ஆகவே தேய்ந்த காசுகளுக்குள்தான் அவளைத் தேட வேண்டும். பொன்னம்பலம் இருபத்திரண்டு வருடம் தேடினார். ஒவ்வொரு ஞாயிறும் பழஞ்சாமான் சந்தை, ஒவ்வொரு சந்தையிலும் தகரப் பெட்டிகள். ஒன்பதாயிரம் காசு பார்த்திருப்பார். ஒன்பதாயிரம் பெண்களுக்கும் ஒரே சொண்டுதான்.

அவளைக் கண்டுபிடித்தவன் தவரத்தினம்.

தவரத்தினம் அவருடைய முப்பது வருடக் கூட்டாளி, ஒரே சமையலறையில் பக்கத்துத் தொட்டியில் கோப்பை கழுவியவன். தான் குடியிருக்கிற எபினேயில், வீதியோரம் நடந்த பழஞ்சாமான் விற்பனைக்குக் குக்கர் மூடி வாங்கப் போனவன், மூடி அளவு சரிவராததால் ஒரு பிஸ்கட் தகரத்தை வாங்கிக்கொண்டு வந்தான். உள்ளே பதினொரு வெள்ளி டொலர். வாழ்க்கையில் அவன் வாங்கிய முதல் பழங்காசுகள் அவைதான். அடுத்த நாள் தகரத்தை ஐங்கரன் கடை மேசையில் வைத்து, ஒன்றை எடுத்து நீட்டினான்.

"அண்ணை, உவளைப் பாருங்கோ. சொண்டு ரெண்டாக் கிடக்கு. உறைப்புத் திண்ட மாதிரி."

பொன்னம்பலம் லூப்பைக் கண்ணில் செருகினார். 1888. ஓ. சொண்டு. மூக்கு. நாடி. கொஞ்சமே புழங்கியவள், கன்னத்து மேட்டில் மட்டும் தேய்மானம். ஒன்பதாயிரம் பேரில் இல்லாதவள், குக்கர் மூடி வாங்கப் போனவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு லா சப்பலுக்கு வந்து, பருத்தித்துறை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அதன் விலை அவருக்குத் தெரியும். தவரத்தினத்தின் மனைவி யோகராணி இரண்டு மாதம் அலுவலகம் கூட்டித் துடைத்தால் கைக்கு வருகிற தொகை. ஆனால் விலை அல்ல அவர் தொண்டையில் நின்றது. தவரத்தினம் கொட்டாவி விட்டுக்கொண்டு வடைக்குச் சம்பல் தொட்டுக்கொண்டிருந்தான். அதுதான் நின்றது.

"இது அச்சுப் பிழையில்லை," என்றார். "காசு அடிக்கேக்கை யந்திரம் அதிர்ந்தாலும் இப்பிடித்தான் காட்டும். அதுக்கு விலையில்லை. வெள்ளி நிறைக்கு விக்கலாம், அவ்வளவுதான்."

"மெய்யேண்ணை?"

"நான் ஏன் பொய் சொல்லுறன்?"

"அப்ப மினுக்கி வைக்கட்டோ? யோகம் பழப்புளியும் விபூதியும் போட்டுத் தேய்ச்சாளெண்டால் முகம் பார்க்கலாம்."

"மினுக்காதை," என்றார் பொன்னம்பலம், கொஞ்சம் கெதியாக. "கறுப்போடை கிடக்கட்டும்."

பழங்காசு சேர்ப்பவர்கள் கழுவித் தேய்த்த காசைக் கையாலும் தொடமாட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. விலையில்லாத காசை ஏன் மினுக்கக்கூடாது என்று தவரத்தினமும் கேட்கவில்லை. கேட்கிற குணம் இருந்திருந்தால் முப்பது வருடம் ஒரே முதலாளியிடம் இருந்திருக்கமாட்டான்.

இரண்டு மூன்று மாதம் போகட்டும், பிறகு நல்ல மினுக்கமான காசு ஒன்றைக் கொடுத்து அவளை மாற்றி எடுக்கலாம் என்பது பொன்னம்பலத்தின் கணக்கு. தவரத்தினம் அவ்வளவு நாள் இருக்கவில்லை. ஐந்தாம் வாரம், சென் தெனிக்கும் கார் து நோருக்கும் இடையில், காலை நேர ஆர்.ஈ.ஆர் ரயிலில் நின்றபடியே செத்துப்போனான். விழுவதற்கு இடமிருக்கவில்லை. கார் து நோரில் சனம் இறங்கிய பிறகுதான் விழுந்தான். அதுவரை அவனுடைய தோளில் சாய்ந்து ஒரு பெண்பிள்ளை நித்திரை கொண்டிருந்தாள் என்று பொலிஸ் அறிக்கையில் இருக்கிறது.

செத்தவீட்டன்று காலை எட்டு மணிக்கு யோகராணி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணை, மலர்ச்சாலைக்குப் போறதுக்கு முன்னம் ஒருக்கா வீட்டை வாங்கோ. உங்கடை லூப்பையும் கொண்டு வாங்கோ."

எபினேயில் எட்டாம் மாடி. குசினி மேசையில் பத்திரிகை விரித்து, அதன்மேல் பதினொரு டொலரும் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணம் கரைத்த பழப்புளி, ஒரு விபூதிப் பை, ஒரு பழைய பல் தூரிகை. யோகராணி அழுது முடித்துவிட்டாள், அல்லது இன்னும் தொடங்கவில்லை.

"எங்கடை பக்கம் நெத்தியிலை வெள்ளிக்காசு ஒட்டித்தான் விடுறது, அண்ணை. அப்புவுக்கு வெள்ளி ஒரு ரூவா ஒட்டினனாங்கள். இஞ்சை ஐரோக் காசை ஒட்டேலுமே? இவரிட்டைத்தான் வெள்ளி கிடக்கெண்டு பார்த்தால் பதினொண்டு. எல்லாம் எனக்கு ஒரே பொம்பிளை. ஒரு காசிலை சொண்டு ரெண்டெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். விலையில்லாததெண்டு நீங்கள் சொன்னாலும் அவருக்கு அதுதான் விருப்பம். அதை எடுத்துத் தாங்கோ. அதோடை போகட்டும்."

பொன்னம்பலம் கதிரையில் இருந்து லூப்பைச் செருகினார். முதலாவதைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். உண்மையில் கதவால் வரும்போதே ஏழாவது காசுதான் அவள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. இவளை எடுத்துக் கொடுத்தால் முதலில் பழப்புளி, பிறகு விபூதி, மூன்று மணிக்கு நெருப்பு. எடுத்துக் கொடுக்காமல் உண்மையைச் சொன்னால், முப்பது வருடக் கூட்டாளியின் செத்தவீட்டில், அவனுடைய குசினியில் இருந்துகொண்டு, அவனை ஏமாற்றியவன் நான் என்று சொல்ல வேண்டும்.

எட்டாவதை எடுத்தார். அடுத்த வருடத்துக் காசு, வெறும் காசு.

"இதுதான் பிள்ளை."

"எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. லூப்பை அவளிடம் கொடுத்து, காசை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். யோகராணி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஓம் அண்ணை," என்றாள். "தெரியுது. ரெண்டாத்தான் கிடக்கு."

கிடக்கவில்லை.

"இவ்வளவு நாளும் எனக்குப் பார்க்கத் தோணேல்லை," என்று சொல்லிக்கொண்டு அவள் காசைப் புளிக் கிண்ணத்தில் போட்டாள். "மினுக்கப்படாதெண்டு நீங்கள் சொன்னதாச் சொன்னவர். இண்டைக்கு மினுக்கலாம்தானே?"

"இண்டைக்கு மினுக்கலாம்."

அவள் தேய்த்தாள். பல் தூரிகையால் ஒவ்வொரு நட்சத்திரமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தாள். நூற்று முப்பது வருடத்து அழுக்கு புளித் தண்ணீரில் இறங்கியது. பிறகு மிச்சப் பத்தையும் தகரத்தில் போட்டு மூடி, அவரிடம் நீட்டினாள்.

"இதுகளை நீங்கள் கொண்டு போங்கோ அண்ணை. உங்களுக்குத்தான் உதுகளின்ரை அருமை தெரியும். இவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவார்."

வேண்டாம் பிள்ளை என்றார். வேண்டாம் என்று இரண்டாம் தடவையும் சொன்னார். மூன்றாம் தடவை அவர் வாய் திறப்பதற்குள் கை தகரத்தை வாங்கிவிட்டது.

மலர்ச்சாலையில் பத்து மணிக்குப் பெட்டி பார்வைக்கு வைத்தார்கள். தவரத்தினம் வேட்டி சால்வையோடு கிடந்தான். நெற்றியில் சந்தனத்தின்மேல் ஒட்டிய டொலர், மின்குமிழ் வெளிச்சத்தில் கண்ணைக் குத்தியது. பொன்னம்பலம் சுவரோரக் கதிரையில், மடியில் தகரத்தோடு இருந்தார். பிஸ்கட் கொண்டு வந்திருக்கிறாரோ என்று இரண்டு பேர் பார்த்தார்கள்.

வருகிற ஆட்களிடமெல்லாம் யோகராணி அதைச் சொன்னாள். செத்தவீட்டில் பெண்சாதி எதையாவது திரும்பத் திரும்பச் சொல்லத்தான் செய்வாள். இவள் சொன்னது சொண்டை.

"அவருக்கு விருப்பமான காசு. சொண்டு ரெண்டு. குனிஞ்சு பாருங்கோ. பொன்னம்பலம் அண்ணைதான் தெரிஞ்சு தந்தவர்."

குனிந்தார்கள். செத்தவனின் பெண்சாதி காட்டும்போது தெரியவில்லை என்று சொல்லுகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. "ஓம், தெரியுது," என்றார் ஐங்கரன். "நல்ல வடிவாத் தெரியுது," என்றார் சென் தெனியிலிருந்து வந்த மரியரட்ணம். தேவாரம் படித்த ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்து, இரண்டுதான் என்று உறுதி செய்தார். பதினொன்றரைக்குள் நாற்பது பேருக்குத் தெரிந்துவிட்டது. பொண்டியிலிருந்து வந்த ஒருவர் மறுபக்கத்துக் கழுகுக்கும் அலகு இரண்டு என்றார். கழுகு நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது.

பொன்னம்பலம் ஒவ்வொரு தலை குனியும்போதும் தகரத்தை இறுக்கிப் பிடித்தார். உள்ளே காசுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் வந்தது.

தெரியவில்லை என்று சொன்னவள் கஜந்தினி. தவரத்தினத்தின் ஒரே மகள், இங்கே பிறந்தவள், இருபத்தாறு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவள் தாய் சொன்னதற்காகக் குனிந்தாள், நிமிர்ந்தாள், கைப்பேசியால் படம் பிடித்து விரலால் பெருப்பித்துப் பார்த்தாள்.

"மமோன், இல் யா ரியான்," என்றாள். பிறகு தமிழில், "அம்மா, ஒண்டுமில்லை. ஒரு சொண்டுதான்."

"சும்மா இரு. மாமாவுக்குத் தெரியாததே உனக்குத் தெரியும்?"

"நீங்களே பாருங்கோ."

"நான் காலமை கண்டனான். லூப்புக்குள்ளாலை கண்டனான்."

"அப்ப மாமா வந்து காட்டட்டும்."

எல்லோரும் திரும்பினார்கள். பொன்னம்பலம் எழும்பினார். அந்த நேரம் மலர்ச்சாலை ஊழியன் மாக்சிம், கறுப்புக் கோட்டோடு கதவடிக்கு வந்து, இன்னும் ஐந்து நிமிடம் என்று மெல்லச் சொன்னான்.

பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பதற்குள் அவரிடம் ஒரு பதில் தயாராகிவிட்டது. நல்ல பதில். சொண்டு இருந்தது பிள்ளை, விபூதி போட்டுத் தேய்த்ததில் அழிந்துபோய்விட்டது. ஒருவரும் மறுக்கமாட்டார்கள். நாற்பது பேருக்கும் மரியாதை மிஞ்சும். அவருக்கும் மிஞ்சும். ஐந்து நிமிடம் போனால் மூடி விழுந்துவிடும், மூன்று மணிக்குப் பிறகு அதைச் சரிபார்க்க உலகத்தில் எந்த லூப்பாலும் முடியாது. தகரத்துக்குள் கிடப்பவள் அவருடையவள்.

சொல்லவும் வாயைத் திறந்தார். யோகராணி பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நகக் கண்களில் புளியும் காசுக் கறுப்பும் காய்ந்து கிடந்தன. அந்தப் பதிலை அவர் சொன்னால், புருஷனுக்கு விருப்பமானதைத் தன் கையாலேயே அழித்தேன் என்று அவள் சாகும்வரை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கஜந்தினி சொல்லுறது சரி," என்றார். "இது அந்தக் காசில்லை."

யோகராணி அவருக்காகவே ஒரு காரணம் தேடினாள். "பாவம், கண் மங்கியிருக்கும். மாறி எடுத்திட்டியளோ?"

"மாறி எடுக்கேல்லை. தெரிஞ்சுதான் எடுத்தனான். மற்றது இதுக்குள்ளை கிடக்கு."

"ஏன் அண்ணை?"

"அது விலையுள்ள காசு. மினுக்கினால் அழிஞ்சிடும். எரிச்சால் ஒண்டுமே இல்லை."

"இவரிட்டை விலையில்லையெண்டெல்லோ சொன்னனியள்."

"பொய் சொன்னனான்."

ஐயர் தேவாரப் புத்தகத்தில் ஏதோ பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.

"அப்ப நான் கண்ணாடிக்குள்ளை கண்டது என்ன?" என்று யோகராணி கேட்டாள்.

பொன்னம்பலம் தகரத்தை மற்றக் கைக்கு மாற்றினார்.

"இவர் ஒவ்வொரு நாளும் கட்டில் விளிம்பிலை இருந்து போன் வெளிச்சத்திலை அதைத்தான் பார்க்கிறவர்," என்றாள் அவள். சத்தம் கூடவில்லை, குறையவுமில்லை. "ரெண்டாத் தெரியுது யோகம், வந்து பாரும் எண்டு கூப்பிடுவார். நான் போகேல்லை. அண்ணை ஒண்டுமில்லையெண்டால் ஒண்டுமில்லை, உங்களுக்குக் கண்தான் பழுது, போய்க் காட்டுங்கோ எண்டு பேசினனான். போனவர். இவளின்ரை கடையிலை கண்ணாடி எடுத்துப் போட்டவர். போட்டாப்பிறகும் ரெண்டாத்தான் தெரிஞ்சிருக்கும். எனக்குச் சொல்லேல்லை. பேசாமல் தகரத்தை மூடி வைச்சிட்டார்."

கஜந்தினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கண்ணாடி இப்போதும் தவரத்தினத்தின் முகத்தில் இருந்தது, பார்வைக்குத் தேவையில்லாமல்.

"பிள்ளை, நான்..." என்று தொடங்கினார் பொன்னம்பலம்.

"எனக்குச் சொல்லாதேங்கோ. அவருக்குச் சொல்லுங்கோ."

அவர் பெட்டியின்மேல் குனிந்தார்.

"சத்தமாச் சொல்லுங்கோ. எல்லாருக்கும் கேக்கட்டும். நான் அவரைப் பேசினது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது."

இருபத்திரண்டு வருடமாக, அந்தக் காசுப் பெண்ணைக் காணுகிற அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பொன்னம்பலம் மனப்பாடம் செய்து வைத்திருந்த சொற்கள்தான் இப்போது வாயில் வந்தன. ஐங்கரன் கடையில், தேத்தண்ணியோடு, நாலு பேர் வாய் பிளக்கச் சொல்வதாக இருந்தது.

"தவம்," என்றார். "எண்பத்தெட்டாம் ஆண்டு. கழுகுக்குக் கீழை ஓ. சொண்டு, மூக்கு, நாடி மூண்டும் இரட்டிச்சிருக்கு. அச்சிலை விழுந்த பிழைதான், யந்திரம் அதிர்ந்ததில்லை. நீ கண்டது சரி. உன்ரை கண்ணிலை ஒரு பழுதுமில்லை."

தவரத்தினம் எப்போதும் போல எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

யோகராணி தகரத்தை அவரிடமிருந்து வாங்கினாள். எது என்று கேட்டாள். அவர் விரலால் காட்டியதை எடுத்து, லூப் இல்லாமல், கையை நீட்டிப் பிடித்து ஒருமுறை பார்த்தாள். தெரிந்ததா இல்லையா என்று சொல்லவில்லை. மகளிடம் கொடுத்தாள்.

"கழுவாமல் வை."

கஜந்தினி தகப்பனின் நெற்றியைக் காட்டினாள். "அப்ப அதை எடுக்கட்டோ அம்மா?"

"கிடக்கட்டும். அது நான் மினுக்கினது."

பிறகு வாய்க்கரிசித் தட்டை எடுத்தார்கள். நாற்பது பேரும் வரிசையில் வந்தார்கள். இந்தமுறை ஒருவரும் நெற்றியைப் பார்க்கவில்லை. பொய் சொன்னதற்காகப் பொன்னம்பலத்தைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஆட்கள் அந்த வரிசையில் சிலர் இருந்திருக்கலாம். இல்லாத சொண்டைத் தங்களைக் கொண்டு காண வைத்ததற்காகப் பொறுத்துக்கொள்ளக்கூடியவர் ஒருவரும் இருக்கவில்லை. ஐங்கரன் அவருடைய தோளில் இடித்துக்கொண்டு போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாகப் பொன்னம்பலம் போய் நின்றார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் யோகராணி. அவர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டில் மிச்சமிருந்த அரிசியைத் தன் கையால் வழித்தெடுத்து, கடைசி மணியும் விழும்வரை, தானே போட்டாள்.

மாக்சிம் மூடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் முடித்துவிட்டீர்களா என்று பிரெஞ்சில் கேட்டான்.

"ஓம்," என்றாள் யோகராணி. அவனுக்கு விளங்கியது.